4 மாதமும் 4 நிமிடமும்: ஒரு மாவோரி வகுப்பறையில் ஆங்கிலம்

‘கம்’, ‘லுக்’, ‘அண்ட்’. இந்த மூன்று சொற்களையும் எழுத்தில் பார்த்துப் படிக்க அந்தப் பையனுக்கு 4 மாதம் பிடித்தது. பாடப்புத்தகத்தின் ஆரம்பத்தில் வரும் சொற்கள்தான். மந்தமான பையன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிறகு அவனுடைய ஆசிரியை புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவன் வாயில் எப்போதும் புழங்குகிற சொற்களை எழுதிக் கொடுத்தார். கசாப்புக் கத்தி, ஜெயில், போலீஸ், பாடு, அழு, முத்தம், அப்பா, அம்மா, அவனுடைய பெயர், ஹாகா, சண்டை. ‘ஹாகா’ என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் ஆட்டம். ஆக மொத்தம் 11 சொற்கள், ஆங்கில எழுத்தில். அத்தனையையும் 4 நிமிடத்தில் படித்துவிட்டான்.

நியூசிலாந்தில், 1950களில் நடந்தது இது. ஆசிரியையின் பெயர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். 1963இல் வெளியான ‘டீச்சர்’ என்ற தன் நூலில் இந்தப் பையனை ‘ரங்கி’ என்று அழைக்கிறார். அன்பும் முத்தமும், அடியும் சண்டையும், போலீஸ் பயமும் சேர்ந்ததுதான் அவன் வாழ்க்கை என்று அவனைப் பற்றி எழுதுகிறார். இந்த நிகழ்வைப் படித்த பிறகு, என் வகுப்பில் ‘இவனுக்கு இங்கிலீஷ் ஏறாது’ என்று சொல்வதை நிறுத்தினேன். ஏறாதது எது, இங்கிலீஷா, நாம் கொடுக்கும் இங்கிலீஷா என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் வந்தது.

பள்ளியும் பின்னணியும்

மாவோரிக் குழந்தைகளுக்கென்று தனிப் பள்ளிகளை நியூசிலாந்து அரசு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏற்படுத்தியது. பயிற்றுமொழி ஆங்கிலம். பள்ளி வளாகத்தில் மாவோரி பேசியதற்காகப் பிரம்படி வாங்கியவர்களின் நினைவுகள் அந்த நாட்டில் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. ‘நேட்டிவ் பள்ளி’ என்று இருந்த பெயர் 1947இல் ‘மாவோரிப் பள்ளி’ என்று மாறியது. 1969இல் இவை பொதுப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டன.

ஆஷ்டன்-வார்னர் 1908இல் பிறந்தவர். அப்பா மூட்டுவாதத்தால் முடங்கிப்போக, அம்மாவின் ஆசிரியர் சம்பளத்தில் ஓடிய பெரிய குடும்பம். ஆக்லாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கீத் ஹெண்டர்சன் என்ற ஆசிரியரை மணந்தார். 1938இல் இருவரும் கிழக்கு முனைக் கடற்கரையில் உள்ள ஹொரோவேரா என்ற சிற்றூரின் பள்ளிக்குப் போனார்கள். கணவர் தலைமை ஆசிரியர், மனைவி சின்ன வகுப்புகளுக்கு. அடுத்த ஆண்டே சில்வியா மனம் உடைந்து நோயில் விழுந்தார். வெலிங்டனில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார். மனத்தில் புதைந்து கிடக்கும் பயத்துக்குப் பெயர் வைத்து வெளியே பேசினால் அதன் பிடி தளரும் என்பதை அவர் முதலில் கற்றது தன் உடம்பில்தான். வகுப்பறைக்கு வந்தது அதற்குப் பிறகு. அவருடைய முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

பிறகு வாங்கநூயி ஆற்றங்கரையில் பிபிரிக்கி, அடுத்து வைஓமாட்டாட்டினி, 1949 முதல் ஹேஸ்டிங்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஃபெர்ன்ஹில். முறை முழு உருவம் பெற்றது ஃபெர்ன்ஹில்லில்தான். ஏறக்குறைய அதே சமயத்தில் நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது ‘ஜேனட் அண்ட் ஜான்’ என்ற பிரிட்டிஷ் வாசிப்புத் தொடர். ஒரு சிறுமி, ஒரு சிறுவன், ஒரு நாய், தோட்டம் வைத்த வீடு. யாரும் அழ மாட்டார்கள், யாரும் அடிபட மாட்டார்கள். சொற்கள் எளிமையாக இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் ‘வா, ஜான், வா’ என்ற வரிக்குள் ரங்கிக்குத் தெரிந்த மனுஷர் ஒருவரும் இல்லை.

அட்டைச் சொல்

ஆஷ்டன்-வார்னர் செய்தது பார்ப்பதற்கு மிகச் சிறிய காரியம். காலையில் ஒவ்வொரு குழந்தையும் அவரிடம் வரும். ‘உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று கேட்பார். குழந்தை கேட்ட சொல்லை, ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள கெட்டி அட்டையில், பெரிய எழுத்தில், அதன் கண்ணெதிரே எழுதுவார். எழுதும்போதே குழந்தை அதைச் சொல்ல வேண்டும். பிறகு எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கும். அட்டை அந்தக் குழந்தைக்கே சொந்தம்.

மறுநாள் காலை எல்லா அட்டைகளையும் பாயில் மொத்தமாகக் கொட்டிவிடுவார். ஆளாளுக்குப் பாய்ந்து தன் அட்டையைத் தேடி எடுப்பார்கள். இழுபறி, கூச்சல், சண்டை எல்லாம் இருக்கும். எடுத்ததும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்லை மற்றவர் கேட்பார்கள். ஒரு குழந்தைக்குத் தன் சொல் அடையாளம் தெரியவில்லை என்றால் அந்த அட்டையை எடுத்துவிடுவார். மறுபடி சொல்லிக் கொடுப்பதில்லை, பயிற்சி கொடுப்பதில்லை. மறந்துபோனது என்றால் அது அந்தக் குழந்தையின் உண்மையான சொல் இல்லை என்று அர்த்தம். தவறு குழந்தையிடம் அல்ல, தேர்ந்தெடுத்த சொல்லிடம். தமிழில் இதைத் ‘திறவுச்சொல்’ என்று சொல்லலாம். அவருடைய கருத்தும் அதுதான். ஒருமுறை பார்த்தாலே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் சொல், உள்ளே இருக்கும் கதவைத் திறக்கும் சொல்.

எந்தச் சொற்கள் அப்படி ஒட்டின? பயத்தைச் சுற்றிய சொற்கள், அன்பைச் சுற்றிய சொற்கள். ‘பேய்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும், ‘முத்தம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் வகுப்பிலேயே வலிமையானவை. ‘கோஸ்ட்’ என்பதில் ஒலிக்காத ஓர் எழுத்து நடுவில் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாடத்திட்டத்தில் அதை எப்போது வைப்பது என்று நாம் யோசித்துக்கொண்டிருப்போம். இந்த ஐந்து வயதுக் குழந்தைகளோ ஒரே பார்வையில் அதை எடுத்துக்கொண்டார்கள்.

படத்தைப் பற்றி அவர் சொல்லும் காரணம்தான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. நாம் சொல்லுக்குப் பக்கத்தில் படம் போடுகிறோம், குழந்தைக்குப் புரிய வேண்டுமே என்று. அவர் அட்டையில் படம் இல்லை. படம் ஏற்கெனவே குழந்தையின் மனத்தில் இருக்கிறது, நான் அதற்குக் கீழே தலைப்புதான் எழுதுகிறேன் என்பது அவர் பார்வை. வெளியிலிருந்து ஒட்டும் படம் வேறு யாருடைய மனத்திலோ பிறந்தது.

இது தன் கண்டுபிடிப்பு என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. பார்வையும் செவித்திறனும் இழந்த ஹெலன் கெல்லருக்குக் கைப்பம்பின் கீழே கிடைத்த ‘தண்ணீர்’ என்ற ஒற்றைச் சொல்லே ஒரு முழுப் புத்தகம் என்கிறார். தன் பண்ணை விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய டால்ஸ்டாயையும் நினைவுகூர்கிறார். 1963இல், ‘டீச்சர்’ வெளிவந்த அதே ஆண்டில், பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் கூலித் தொழிலாளர்களுக்கு அவர்களுடைய அன்றாடச் சொற்களைக் கொண்டே எழுத்து கற்பித்துக்கொண்டிருந்தார்.

மண்ணும் வண்ணமும்

கலை இந்த வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வருகிற விஷயம் இல்லை. நாள் தொடங்குவதே அதில்தான். களிமண், வண்ணம், சுண்ணக்கட்டி, மணல், தண்ணீர், கட்டை அடுக்குதல், ஆட்டம், பாட்டு. அழுகையும் சண்டையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. மூச்சை வெளியே விட்டால்தான் உள்ளே இழுக்க முடியும் என்பதே அவர் வகுத்த நாளின் தாளம். முதலில் குழந்தையிடமிருந்து வெளியே வருவது, அதற்குப் பிறகுதான் ஆசிரியர் உள்ளே கொடுப்பது. நம் கால அட்டவணை பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ்.

களிமண்ணில் பிசைந்துகொண்டிருக்கும் குழந்தை பேசும். அந்தப் பேச்சிலிருந்துதான் அன்றைய சொல் வரும். அதனால் அவர் வகுப்பில் கலை என்பது ஆங்கிலப் பாடத்துக்குப் பூசிய மெருகு அல்ல. சொல் ஊறும் இடமே அதுதான். குழந்தையின் மனத்தை இரண்டு வாய் உள்ள எரிமலையாக அவர் பார்த்தார். ஒன்று அழிவின் வாய், இன்னொன்று ஆக்கத்தின் வாய். ஆக்கத்தின் வாயை அகலப்படுத்தினால் மற்றது தானாக வற்றிப்போகும் என்று நம்பினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த நேரம். எரிக் ஃப்ரோம் போன்ற உளவியல் சிந்தனையாளர்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். கலைக்கல்வி பற்றி விரிவாக எழுதிய ஹெர்பர்ட் ரீட் ‘டீச்சர்’ நூலுக்கு முன்னுரை எழுதினார்.

வகுப்பை அமைதிப்படுத்த அவர் குரல் உயர்த்தவில்லை. பியானோவில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியின் முதல் எட்டு சுரங்களை வாசிப்பார். கை போட்டது போட்டபடி நின்று, எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். ஹாகா ஆடும் கால்கள் பீத்தோவனுக்கு நிற்கின்றன. இரண்டு உலகங்களும் ஒரே அறைக்குள் இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல காட்சி அந்த நூலில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அவர் தனித் தீவாக இருந்து இதைச் செய்யவில்லை. அப்போது கல்வி இயக்குநராக இருந்த கிளாரன்ஸ் பீபியின் காலத்தில் பள்ளிகளில் கலைக்கு நல்ல ஆதரவு இருந்தது. வடக்கே ஒருவாயிட்டி என்ற ஊரில் எல்வின் ரிச்சர்ட்சன் என்ற ஆசிரியர் மண்பாண்டம், அச்சுப்படம், கவிதை இவற்றின் வழியாகவே குழந்தைகளின் எழுத்தை வளர்த்தெடுத்து 1964இல் நூலாக்கினார்.

குழந்தைகளே எழுதிய இலக்கியம்

ஒற்றைச் சொல் இரண்டு சொல்லாகும், பிறகு வாக்கியமாகும், பிறகு கதையாகும். ஒவ்வொரு குழந்தையும் தினமும் தன் நோட்டில் எழுதும். ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி எழுதச் சொல்வது அவரிடம் கிடையாது. எழுதும்போது தெரியாத சொல் வந்தால் குழந்தை கேட்கும். அந்தச் சொற்கள்தான் அடுத்த நாளின் எழுத்துப் பாடம். அவரவருக்கு அவரவர் பட்டியல். எழுதி முடித்ததும் நோட்டுகள் கைமாறும். அன்றைய வாசிப்புப் புத்தகம் பக்கத்து இருக்கைக்காரரின் நோட்டு. ஒரு பையன் ஆற்றுக்குப் போனதையும், ஒரு சிறுமிக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவந்ததையும் எழுதியிருப்பான். அதை முழுவதும் படிக்காமல் எந்தக் குழந்தை கீழே வைக்கும்?

இன்னொரு நோட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததும், அம்மா அழுததும் இருக்கும். ஆஷ்டன்-வார்னர் உள்ளடக்கத்தைத் திருத்த மாட்டார், கருத்தும் சொல்ல மாட்டார். வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அப்படியே தாளில் இறங்கட்டும் என்பார்.

இந்த இடத்தில் நான் அவரோடு முழுக்க உடன்படவில்லை. எழுத்தாக அதை மதிக்க வேண்டும், திருத்தக் கூடாது, சரி. ஆனால் ஒரு குழந்தை வீட்டில் நடக்கும் அடியை எழுதிக் காட்டினால், அதைப் படித்த ஆசிரியரின் வேலை அதோடு முடிந்துவிடாது. இன்று நம்மிடம் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. குழந்தை நம்பிக் கொடுத்த சொல்லுக்குப் பின்னால் உள்ள ஆபத்தை எடைபோடத் தெரிந்தவர்தான் இந்த முறையைக் கையில் எடுக்க வேண்டும். உண்மைக் கதையை வகுப்புக்குள் அழைக்கிறோம் என்றால், வந்த பிறகு அதை ‘அழகான நடை’ என்று மட்டும் பாராட்டி அனுப்ப முடியாது.

நானும் ஒரு வருஷம் மூன்றாம் வகுப்பில் இதைச் சின்ன அளவில் செய்து பார்த்தேன். 31 பிள்ளைகள், வாரத்தில் இரண்டு நாள், ஆளுக்கு ஒரு சொல். முதல் நாள் எல்லாரும் ரோஸ், டைகர், ஆப்பிள் என்று புத்தகத்துச் சொல்லையே கேட்டார்கள். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான். மூன்றாவது வாரம் ஒரு பெண் பிள்ளை மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, “மிஸ், லோன்னு எழுதித் தாங்க” என்றாள். ஏன் என்று கேட்டேன். “எங்க வீட்ல தெனமும் அதத்தான் பேசிக்கிறாங்க.” எழுதிக் கொடுத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நடுவுல இந்த ‘ஏ’ எதுக்கு மிஸ், சத்தமே வரலையே?” என்றாள். ஆங்கில உச்சரிப்பு பற்றி என் வகுப்பில் ஒரு பிள்ளை தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. ‘கோட்’, ‘போட்’, ‘ரோட்’ எல்லாவற்றையும் அந்த ‘லோன்’ அட்டையை வைத்தே அவளுக்குச் சொல்லிவிட முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் ரோஸை விட்டுவிட்டு வேறு சொற்களோடு வரத் தொடங்கினார்கள்.

முறை தடுமாறிய இடம்

எந்த ஊரிலும் இது பலிக்கும் என்று நினைக்கிறவர்கள் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1970இல் கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் நகரில் ஒரு புதுவகைப் பள்ளி அவரை அழைத்தது. வசதியான ஊர். அதே அட்டை, அதே கேள்வி. குழந்தைகளிடமிருந்து அந்த வலிமையோடு சொல் வரவில்லை. தொலைக்காட்சியும் பொருள்களும் நிறைந்து, உள்ளே படம் உருவாக வேண்டிய இடமே மெலிந்துபோயிருக்கிறது என்று அவர் கண்டார். எதைச் சொன்னாலும் ‘எனக்கு வேண்டாம்’ என்று நகர்ந்துவிடும் குழந்தைகள் அவரைத் திணற வைத்தார்கள். அந்த ஆண்டின் அனுபவத்தை 1972இல் தனி நூலாக எழுதினார்.

அவர் சொன்ன காரணம் மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஃபெர்ன்ஹில்லில் அந்த ஊர்க் குடும்பங்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் அவர். எந்தப் பையனின் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துதான் ‘என்ன சொல் வேண்டும்’ என்று கேட்டார். ஆஸ்பெனில் அவர் அறுபது வயது கடந்த, புதிதாக வந்த விருந்தாளி. குழந்தையின் உள்ளே இருப்பதைக் கேட்கும் உரிமை ஒரு வருடத்தில் கிடைத்துவிடாது.

பலன்களுக்கான ஆதாரம் பெரும்பாலும் அவருடைய சொந்த எழுத்துதான். அதிகாரிகள் தன்னை ஒதுக்கினார்கள், தன் நாடு தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் வாழ்நாள் முழுதும் சொன்னார். 1988இல் லின்லி ஹுட் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தச் சித்திரத்தின் பல பகுதிகளைக் கேள்விக்கு உட்படுத்தியது. இதை நான் அவரைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு வகுப்பறையை ஆய்வாகப் படிக்கும்போது, சொல்பவரின் காயத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு திசைப் பாலம்

தன் முறையை ஒரு பண்பாட்டிலிருந்து இன்னொரு பண்பாட்டுக்குப் போகும் பாலத்தின் பலகையாக அவர் கருதினார். மாவோரிக் குழந்தையின் வாழ்க்கையிலிருந்து தொடங்கி ஆங்கில வாசிப்புக்குக் கூட்டிப்போவது. பாலத்தில் நடை ஒரு திசையில்தான் இருந்தது. மாவோரி மக்களைப் பற்றி அவர் பயன்படுத்தும் சில சொற்கள் இன்று படிக்கக் கூச வைக்கின்றன. ‘பக்குவப்படாத இனம்’ என்ற தொனி ஆங்காங்கே தலைகாட்டுகிறது. குழந்தையின் பயமும் அன்பும் வகுப்புக்குள் வரலாம், ஆனால் அவை ஆங்கில உடை போட்டுத்தான் அட்டையில் ஏறின.

1913இல் பள்ளியில் படித்த மாவோரிப் பிள்ளைகளில் 90 சதவீதம் பேர் மாவோரி பேசினார்கள் என்று அந்த நாட்டில் பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு சொல்கிறது. அவர் ஃபெர்ன்ஹில்லில் இருந்த 1953இல் 26 சதவீதம். 1975இல் 5 சதவீதத்துக்கும் கீழே. இந்தச் சரிவுக்கு ஓர் ஆசிரியை காரணமல்ல. நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும், ஒரு நூற்றாண்டுப் பள்ளிக் கொள்கையும், பெற்றோரின் அச்சமும் சேர்ந்த சரிவு அது. என்றாலும், குழந்தையின் சொல்லே முதல் சொல்லாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆழமாக உணர்ந்தவர், குழந்தையின் மொழியே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்ற அடுத்த படிக்குப் போகவில்லை. தமிழ்க் குழந்தைகளை மூன்று வயதிலேயே ஆங்கிலத்துக்குள் இறக்கிவிடும் நமக்கு அந்தப் படி இன்னும் முன்னால் கிடக்கிறது.

அந்தப் படியை எடுத்து வைத்தவர்கள் மாவோரிப் பெரியவர்கள்தான். 1982இல் அவர்கள் தொடங்கிய ‘கோஹாங்கா ரியோ’ மழலையர் கூடங்களில் பாட்டிகளும் தாத்தாக்களும் குழந்தைகளோடு முழுக்க மாவோரியில் பேசினார்கள். மொழிக்கூடு என்பது அந்தப் பெயரின் பொருள். 1987இல் மாவோரி அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. ஆஷ்டன்-வார்னர் 1984இல் டௌரங்கா நகரில் இறந்துபோயிருந்தார்.

ரங்கியின் பட்டியலை மறுபடி பார்க்கிறேன். 11 சொற்களில் இரண்டு மட்டும் ஆங்கிலம் இல்லை. ஒன்று அவன் பெயர், இன்னொன்று ‘ஹாகா’. அவற்றையும் அவன் அதே 4 நிமிடத்தில்தான் படித்தான்.